செய்தி பாட்காஸ்ட்டை வைத்து வாசிப்பும் எழுத்தும் கற்றுக்கொடுப்பது: தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

குறுவள மையக் கூட்டங்களிலும் (பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் கூடும் பயிற்சிக் கூட்டங்கள்) ஆசிரியர் வாட்ஸ்அப் குழுக்களிலும் இந்தச் சந்தேகங்கள் என்னிடம் திரும்பத் திரும்ப வந்தன. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட ஒரே இடத்தில் எழுதிவைத்தால் எல்லோருக்கும் உதவும் என்று தொகுத்திருக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன். தமிழ்நாட்டு அரசுத் தொடக்கப் பள்ளிகளை மனதில் வைத்து எழுதியது இது.

செய்தி பாட்காஸ்ட்னா என்ன? ரேடியோ செய்திதானே அது?

கிட்டத்தட்ட அதுதான். ரேடியோ செய்தி அதன் நேரத்துக்கு வந்து போய்விடும். பாட்காஸ்ட் பதிவு செய்யப்பட்ட ஒலி என்பதால் நமக்கு வேண்டிய நேரத்தில் போடலாம், நிறுத்தலாம், பின்னால் தள்ளி மறுபடி கேட்கலாம், வேகத்தைக் குறைக்கலாம். வகுப்பறைக்கு இந்த நான்கும் போதும்.

ஆகாசவாணியின் மாநிலச் செய்திகள், பிபிசி தமிழ், ஆஸ்திரேலியாவில் இருந்து வரும் எஸ்பிஎஸ் தமிழ் ஆகியவற்றில் கேட்கத் தகுந்த செய்தி ஒலி கிடைக்கிறது. ஆங்கிலத்தில் குழந்தைகளுக்காகவே தினச்செய்தி தயாரிக்கிறார்கள். ஆஸ்திரேலியாவின் ஸ்குவிஸ் கிட்ஸ் 8 முதல் 12 வயதுப் பிள்ளைகளை மனதில் வைத்து நடத்தப்படுவது. நாம் பெரும்பாலும் பெரியவர்களுக்கான செய்தியில் இருந்து ஒரு துண்டை வெட்டி எடுத்துக்கொள்கிறோம். எந்தத் துண்டு என்பதில்தான் ஆசிரியரின் வேலை இருக்கிறது.

படிக்கக் கத்துக்கொடுக்க புத்தகம் இருக்கே சார், எதுக்குக் காதால கேக்கணும்?

1986-இல் கஃப், டன்மர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் வாசிப்பை ஓர் எளிய பெருக்கல் கணக்காகச் சொன்னார்கள். எழுத்தைக் கூட்டி ஒலியாக்கும் திறன் ஒன்று, கேட்டால் புரிந்துகொள்ளும் திறன் இன்னொன்று. இரண்டையும் பெருக்கினால் வருவதுதான் படித்துப் புரிந்துகொள்ளும் திறன். எது பூஜ்யமானாலும் விடை பூஜ்யம். நம் வகுப்புகளில் முதல் பாதிக்கு நிறைய நேரம் கொடுக்கிறோம். இரண்டாவது பாதி தானாக வந்துவிடும் என்று விட்டுவிடுகிறோம்.

தமிழில் அது தானாக வராது. வீட்டில் பிள்ளை கேட்பது "மழ வர்ற மாதிரி இருக்கு, துணிய எடு". புத்தகத்தில் இருப்பது "மழை பெய்யக்கூடும் என எதிர்பார்க்கப்படுகிறது". சினிமா, சீரியல், யூடியூப் எல்லாமே பேச்சுத் தமிழ். எழுத்துத் தமிழைக் காதால் கேட்காமலேயே ஐந்தாம் வகுப்பு முடிக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்கள் "எ-தி-ர்-பா-ர்-க்-க" என்று கூட்டிக்கொண்டு போய், "கிறது" வருவதற்குள் ஆரம்பத்தை மறந்துவிடுகிறார்கள். அதே சொல்லைச் செய்தியில் பலமுறை கேட்ட பிள்ளை "எதிர்பா" வரை வந்ததுமே மீதியைப் பிடித்துவிடும். இன்றைக்கு ஒரு குழந்தையின் காதில் அன்றாடம் எழுத்துத் தமிழ் விழுவதற்கு மிச்சம் இருக்கும் சில வழிகளில் செய்தியும் ஒன்று. நான் இதை இவ்வளவு வலியுறுத்துவதற்கு இதுதான் காரணம்.

எழுத்தே தெரியாத பிள்ளைக்கு இது பயன்படுமா? அரும்பு நிலையில பாதிப் பேர் இருக்காங்க.

எழுத்து கற்பிப்பதற்கு இது மாற்று இல்லை. மேலே சொன்ன பெருக்கலில் முதல் எண்ணுக்கு, அரசின் அடிப்படை வாசிப்பு, கணக்குத் திட்டமான 'எண்ணும் எழுத்தும்' அட்டைகள், எழுத்து அறிமுகம், சொல் விளையாட்டு எல்லாம் அப்படியே நடக்க வேண்டும். அதை நிறுத்திவிட்டு ஒலியைப் போட்டுக்கொண்டிருந்தால் நஷ்டம் பிள்ளைக்குத்தான்.

ஆனால் கேட்கும் நேரத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று கற்றல் நிலையை வைத்துப் பிள்ளைகளைப் பிரிக்கும் பிரிவு காணாமல் போய்விடும். எழுத்து தெரியாத பிள்ளை பல நேரம் மற்றவர்களைவிட நன்றாகக் கேட்டுச் சொல்லும், ஏனென்றால் இதுவரை காதை நம்பியே வந்திருக்கிறது. வகுப்பில் எப்போதும் பின்னால் உட்கார்ந்திருக்கும் ஒரு பிள்ளை "அணைல தண்ணி தொறந்துட்டாங்க டீச்சர், டெல்டாவுக்கு" என்று முதல் ஆளாகச் சொன்னால், அந்த வாக்கியத்தை அப்படியே கரும்பலகையில் எழுதி, அந்தப் பிள்ளையை விட்டே சுட்டிக்காட்டிப் படிக்கச் சொல்லுங்கள். தான் சொன்ன வாக்கியம் என்பதால் படிக்க வந்துவிடும்.

எந்த வகுப்புல இருந்து ஆரம்பிக்கலாம்?

மூன்றாம் வகுப்பில் இருந்து தாராளமாக. ஒன்று, இரண்டில் ஒரே ஒரு வாக்கியம், அதுவும் வானிலை மட்டும் போதும்.

ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் போடணும்?

முழுச் செய்தியறிக்கையையும் போடவே வேண்டாம். ஒரே ஒரு செய்தி, முக்கால் நிமிடத்தில் இருந்து ஒரு நிமிடம் வரை. அதைத் திரும்பத் திரும்பக் கேட்பதில்தான் பயன். வாரத்தில் இரண்டு மூன்று நாள் இருபது நிமிடம் ஒதுக்க முடிந்தால் நல்லது. ஐந்து நாளும் செய்ய வேண்டும் என்று தொடங்கினால் ஆசிரியருக்கு முதலில் அலுத்துப்போகும்.

எந்தச் செய்தியை எடுக்கிறது? எல்லாமே பெரியவங்க விஷயமா இருக்கே.

வானிலையில் தொடங்குங்கள். தினமும் வரும், பிள்ளைக்கு நேரடியாகச் சம்பந்தப்பட்டது (லீவு விடுவார்களா என்ற கேள்வி அதில்தானே இருக்கிறது!), அதே சொற்கள் சின்னச் சின்ன மாற்றத்துடன் மறுபடி மறுபடி வரும். "ஓரிரு இடங்களில்", "ஒருசில இடங்களில்", "லேசானது முதல் மிதமான மழை", "கனமழை", "மிக கனமழை", "அதி கனமழை". இவை அலங்காரச் சொற்கள் இல்லை, ஒவ்வொன்றுக்கும் அளவு உண்டு. 24 மணி நேரத்தில் 64.5 மில்லிமீட்டரைத் தொட்டால் கனமழை, 115.6-ஐத் தொட்டால் மிக கனமழை, 204.5-ஐத் தொட்டால் அதி கனமழை. அடிஸ்கேலை எடுத்துச் செங்குத்தாக நிறுத்தி, ஆறரை சென்டிமீட்டர், பதினொன்றரை, இருபதரை என்று காட்டுங்கள். மழை இந்த அளவு தேங்கினால் எப்படி இருக்கும் என்று பிள்ளைகள் முட்டி வரை அளந்து பார்ப்பார்கள். அதன் பிறகு "அதி" என்ற இரண்டெழுத்தை யாரும் விட்டுவிட்டுப் படிக்க மாட்டார்கள். கடலோரப் பள்ளி என்றால் புயல் எச்சரிக்கைக் கூண்டு எண்ணும் மீனவர்களுக்கான எச்சரிக்கையும் பிள்ளைகளே உங்களுக்குச் சொல்லித்தருவார்கள்.

அடுத்தது அணை நீர்மட்டம். மேட்டூர் அணையின் முழு உயரம் 120 அடி, கொள்ளளவு 93.47 டிஎம்சி. ஒரு டிஎம்சி என்பது 100 கோடி கன அடி. "நீர்மட்டம்", "நீர்வரத்து", "வினாடிக்கு" என்ற சொற்களும் பெரிய எண்களும் சேர்ந்தே வரும். மொழிப்பாடமும் கணக்கும் ஒரே துண்டில் நடந்துவிடும். அப்புறம் விண்வெளி, விளையாட்டு, விலங்குகள், புதிய ரயில், பழைய கல்வெட்டு கிடைத்தது.

பிள்ளைகளுக்கு ஏற்கெனவே கொஞ்சம் தெரிந்த விஷயமாக எடுப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ரெக்ட், லெஸ்லி என்ற இருவர் 1988-இல் அமெரிக்காவில் ஒரு சோதனை வெளியிட்டார்கள். பேஸ்பால் பற்றிய ஒரு பகுதியை மாணவர்களிடம் கொடுத்தார்கள். நன்றாகப் படிக்கும், ஆனால் பேஸ்பால் தெரியாத பிள்ளைகளைவிட, படிப்பில் பின்தங்கிய, ஆனால் பேஸ்பால் தெரிந்த பிள்ளைகள் அதை நன்றாகப் புரிந்துகொண்டார்கள். நம் ஊரில் கிரிக்கெட் செய்தியைப் போட்டுப் பாருங்கள், இதை நேரிலேயே காண்பீர்கள்.

ஒரு பாடவேளையை எப்படி நடத்துறதுன்னு ஒரு உதாரணத்தோட சொல்லுங்க.

2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில் குகேஷ் உலக செஸ் சாம்பியன் ஆன செய்தியை எடுத்துக்கொள்வோம். துண்டு ஏறக்குறைய இப்படி இருக்கும்: "சிங்கப்பூரில் நடைபெற்ற உலக செஸ் சாம்பியன் போட்டியின் பதினான்காவது சுற்றில் இந்தியாவின் குகேஷ், நடப்புச் சாம்பியனான சீனாவின் டிங் லிரெனைத் தோற்கடித்துப் பட்டம் வென்றார். சென்னையைச் சேர்ந்த அவருக்கு வயது 18." முதல் முறை போடும்போது பென்சிலைக் கீழே வைக்கச் சொல்லுங்கள். கேட்டு முடித்ததும் கேட்க வேண்டியது ஒரே கேள்வி: எதைப் பற்றிய செய்தி? இரண்டாவது முறை போடும் முன் யார், எங்கே, எப்போது, என்ன என்ற நான்கையும் நான்கு குழுக்களுக்குப் பிரித்துவிடுங்கள். ஒவ்வொரு குழுவும் தன் விடைக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு இருக்கும். மேலே சொன்ன துண்டில் "எப்போது" குழுவுக்கு விடையே கிடைக்காது. அது நல்லதுதான். "டீச்சர், எப்பன்னு சொல்லவே இல்ல" என்று ஒரு பிள்ளை சொல்வது பெரிய விஷயம். சொல்லப்படாததைக் கவனிப்பதும் வாசிப்புத் திறன்தான்.

மூன்றாவது முறை எழுத்து வடிவத்தைக் கையில் கொடுத்து, ஒலியோடு விரலை நகர்த்தச் சொல்லுங்கள். காதில் விழுவதும் கண்ணில் படுவதும் ஒன்றுசேரும் இந்த ஒரு நிமிடத்தைத் தவிர்க்கவே கூடாது. "நடப்புச் சாம்பியன்" என்றால் என்ன, "தோற்கடித்து" என்பதை வீட்டில் எப்படிச் சொல்வோம் என்று இங்கே பேசலாம். "ஜெயிச்சிட்டாரு", "தோக்கடிச்சாரு" என்று சொன்னால் அதையும் பலகையில் பக்கத்திலேயே எழுதுங்கள். அவர்களின் பேச்சு தப்பு என்ற எண்ணம் வராமல் இரண்டுக்கும் நடுவே பாலம் போட வேண்டும்.

கடைசியில் தாளை வாங்கிவிட்டு, கேட்டதைச் சொந்தமாக மூன்று வாக்கியத்தில் எழுதச் சொல்லுங்கள், இரண்டு இரண்டு பேராக. மொழி கற்பிப்பவர்கள் இதை டிக்டோக்ளாஸ் என்பார்கள். ரூத் வாய்ன்ரிப் 1990-இல் இதைப் பற்றித் தனிப் புத்தகமே எழுதினார். சொல்லுக்குச் சொல் எழுதும் பழைய 'சொல்வதை எழுதுதல்' வேறு, இது வேறு. இங்கே பிள்ளை வாக்கியத்தைத் தானே கட்ட வேண்டும். எழுதி முடித்ததும் அசலோடு ஒப்பிட்டுப் பார்க்கும்போது நடக்கும் சண்டையில்தான் இலக்கணம் புரியும்.

செய்தி வாசிக்கிறவங்க ரொம்ப வேகமாப் போறாங்க. பிள்ளைங்க முழிக்கிறாங்க.

வேகத்தை 0.75-க்குக் குறைக்கலாம், அதற்குக் கீழே போனால் குரல் இழுக்கும். அதைவிட நல்லது ஒவ்வொரு வாக்கியத்தின் முடிவிலும் நிறுத்துவது. தமிழ்ச் செய்தி வாக்கியத்தில் வினைமுற்று கடைசியில்தான் வரும், நடுவில் நிறுத்தினால் பிள்ளைக்கு ஒன்றும் கிடைக்காது.

எல்லாச் சொல்லையும் விளக்க ஆரம்பிக்காதீர்கள். முன்கூட்டியே இரண்டு, அதிகபட்சம் மூன்று சொல். மற்றதை அவர்கள் ஊகிக்கட்டும். அப்படியும் முழித்தால் துண்டு பெரியதாக இருக்கிறது என்று பொருள், பாதியாக வெட்டுங்கள்.

இப்படிக் கேக்கிறதால எழுத்துப் பிழை குறையுமா?

சில பிழைகள் குறையும், சில குறையாது. இதைத் தெரிந்துகொண்டு தொடங்கினால் ஏமாற்றம் இருக்காது. ல, ள, ழ மூன்றையும் நல்ல செய்தி வாசிப்பாளர் தெளிவாகப் பிரித்து உச்சரிப்பார். "வெள்ளம்" என்பதையும் "வெல்லம்" என்பதையும் கேட்டுப் பிரிக்கப் பழகிய பிள்ளை எழுதும்போதும் யோசிக்கும். "மழை", "தாழ்வுப் பகுதி", "சூழல்", "நிகழ்ச்சி" என்று ழகரம் செய்தியில் தாராளமாக வரும். ஆகாசவாணியின் சரோஜ் நாராயணஸ்வாமி போன்றவர்கள் டெல்லியில் இருந்து தமிழ்ச் செய்தி வாசித்த காலத்தில், செய்தியைக் கேட்டே உச்சரிப்பைத் திருத்திக்கொண்டவர்கள் உண்டு.

ஒற்றும் அப்படித்தான். "அந்தப் பள்ளி", "சென்னைக்குச் சென்றார்", "மாணவர்களுக்குக் கொடுத்தார்" என்று வாசிப்பவர் அழுத்திச் சொல்லும் இடத்தைக் காது பிடித்துவிடும். துண்டை ஓட விட்டு, ஒற்று கேட்கும் இடத்தில் மட்டும் மேசையில் ஒரு தட்டு தட்டச் சொல்லுங்கள். விதியைச் சொல்லாமலேயே பாதிப் பேர் சரியாகத் தட்டுவார்கள். ஆனால் எல்லா வாசிப்பாளர்களும் இதில் கவனமாக இருப்பதில்லை. அதனால் குரலைத் தேர்ந்தெடுங்கள்.

குறையாதது ர, ற. "கரி", "கறி" இரண்டும் இன்றைய உச்சரிப்பில் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் கேட்கும். ந, ன வேறுபாட்டையும் காதால் கற்க முடியாது. இவற்றைக் கண்ணால் பார்த்துத்தான் பழக வேண்டும். அதற்கும் சேர்த்துத்தான் மூன்றாவது சுற்றில் எழுத்து வடிவம் கட்டாயம் என்று சொன்னேன்.

எழுத்து வடிவத்துக்கு எங்க போறது? உக்காந்து எழுதணுமா?

ஆகாசவாணியின் செய்திப் பிரிவு தன் இணையதளத்தில் மாநிலச் செய்திகளின் ஒலியோடு எழுத்து வடிவத்தையும் வெளியிட்டு வருகிறது. ஒரு நிமிடத் துண்டு என்றால் கரும்பலகையில் எழுதவும் ஐந்து நிமிடத்துக்கு மேல் ஆகாது. அதைப் பிள்ளைகள் வருவதற்கு முன் எழுதித் துணியால் மூடிவையுங்கள். முன்பே தெரிந்தால் காதை மூடிக்கொண்டு கண்ணைத் திறந்துவிடுவார்கள்.

ஐந்தாம் வகுப்புக்கு இன்னொரு வழியும் இருக்கிறது. கைபேசியின் குரல் தட்டச்சில் துண்டை ஓட விட்டால் அது தப்பும் தவறுமாக ஒரு பத்தியைத் தரும். அதைத் திருத்துவதே அன்றைய வேலை. தப்பு தங்களுடையது இல்லை என்பதால் கூச்சமில்லாமல் திருத்துவார்கள்.

எங்க ஸ்கூல்ல நெட் சரியா வராது. ஸ்பீக்கரும் இல்ல.

நேரடியாக ஓட விடாதீர்கள், முந்தின நாள் இரவே இறக்கிவைத்துக்கொள்ளுங்கள். சாதாரண பேச்சுத் தரத்தில் ஐந்து நிமிட ஒலி இரண்டரை எம்பிக்குள் அடங்கிவிடும், ஒரு நல்ல புகைப்படத்தின் அளவுதான். வகுப்பறையில் கைபேசி ஒலி பத்துப் பதினைந்து பேருக்குக் கேட்கும். எவர்சில்வர் சொம்புக்குள் போனை நிறுத்தினால் சத்தம் கூடும், ஆனால் தெளிவு குறையும். ள, ழ பிரியாமல் போய்விடும். அதற்குப் பதில் பிள்ளைகளை வட்டமாக நெருங்கி உட்கார வையுங்கள்.

எதுவுமே இல்லை என்றால் நீங்களே வாசியுங்கள். பேப்பரில் இருக்கும் ஒரு செய்தியைச் செய்தி வாசிப்பாளர் மாதிரி நிமிர்ந்து, நிறுத்தி வாசித்தால் இந்த முறையில் முக்கால்வாசிப் பயன் கிடைக்கும்.

காலை வழிபாட்டுக் கூட்டத்துல தினமும் செய்தி வாசிக்கிறோமே, அது போதாதா?

திருக்குறள், பழமொழி, பொது அறிவு, அதோடு "இன்றைய செய்திகள்" என்று வாட்ஸ்அப்பில் வருவதை ஒரு பிள்ளை மைக்கில் வாசிப்பது நல்ல வழக்கம், விடக் கூடாது. ஆனால் கவனித்துப் பாருங்கள். ஐந்து தலைப்புகள் வாசிக்கப்படுகின்றன, "நாடாளுமன்றத்தில் மசோதா நிறைவேற்றம்" என்று. நிற்பவர்களுக்கும் புரியவில்லை, வாசிப்பவருக்கும் புரியவில்லை. எழுத்தை ஒலியாக்கும் பயிற்சி மட்டும்தான் அங்கே நடக்கிறது.

ஒரு சின்ன மாற்றம் செய்யலாம். ஐந்துக்குப் பதில் ஒன்று. அந்த ஒன்றை வாசிக்கப்போகும் பிள்ளை முந்தின நாளே ஒலியில் கேட்டிருக்க வேண்டும். வாசித்து முடித்ததும் அதைத் தன் பேச்சில் ஒருமுறை சொல்ல வேண்டும். "நாளைக்குப் புயல் கரைய கடக்குமாம், அதனால கடலுக்குப் போகக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க." எழுத்துத் தமிழில் வாசித்துப் பேச்சுத் தமிழில் சொல்லத் தெரிந்துவிட்டால் புரிந்துவிட்டது என்று பொருள்.

ஈராசிரியர் பள்ளி. மூணு, நாலு, அஞ்சு மூணும் என்கிட்டதான். எப்படிச் சமாளிக்கிறது?

இந்த முறை உங்களுக்குத்தான் ரொம்பப் பொருந்தும். ஒலி எல்லோருக்கும் ஒன்றே, அதன் பிறகான வேலை மட்டும் வேறு. மூன்றாம் வகுப்பு கேட்டதைப் படமாக வரைந்து அதன் கீழே ஒரு வாக்கியம் எழுதும். நான்காம் வகுப்பு விடுபட்ட சொற்களை நிரப்பும். ஐந்தாம் வகுப்பு மூன்று வாக்கியத்தில் சுருக்கும்.

கொலை, விபத்துன்னு வருதே, பிள்ளைங்க பயந்துட மாட்டாங்களா?

அதனால்தான் நேரலையில் போடாதீர்கள், முழு அறிக்கையையும் போடாதீர்கள் என்கிறேன். நீங்கள் முழுதாகக் கேட்காத எதையும் வகுப்பில் ஓட விடக் கூடாது. கொலை, தற்கொலை, பாலியல் குற்றம் இவை எந்தச் சூழலிலும் பாடப்பொருள் ஆகாது.

இயற்கைப் பேரிடர் வேறு மாதிரி. 2024 ஜூலை 30 அன்று வயநாட்டில் நிலச்சரிவு வந்தபோது, நாம் போடாவிட்டாலும் பிள்ளைகள் வீட்டுத் தொலைக்காட்சியில் பார்த்துவிட்டுத்தான் வந்திருப்பார்கள். அப்போது ஒலியை ஓட விடாமல் அவர்களைப் பேச விடுங்கள். என்ன நடந்தது, யார் உதவிக்குப் போனார்கள், நம் ஊரில் அப்படி ஆகுமா என்ற கேள்விகளுக்கு உண்மையாக, சுருக்கமாகப் பதில் சொல்லுங்கள். ஒலியில் படம் இல்லை என்பது பெரிய நன்மை. தொலைக்காட்சி திரும்பத் திரும்பக் காட்டும் காட்சிகள் மனதில் ஒட்டிக்கொள்வது போல ஒரு சாந்தமான குரல் சொல்லும் செய்தி ஒட்டிக்கொள்வதில்லை. ஆனால் அண்மையில் வீட்டில் இழப்பு நேர்ந்த பிள்ளை வகுப்பில் இருந்தால் அந்த வாரம் செஸ்ஸும் விண்வெளியும் மட்டும்.

கட்சி, அரசியல் வந்தா பெற்றோர் சண்டைக்கு வர மாட்டாங்களா?

கட்சிச் செய்தியைத் தேர்ந்தெடுக்க வேண்டிய தேவையே இல்லை. அரசு அறிவிப்பு ஒன்றை எடுக்க நேர்ந்தால் 'என்ன அறிவித்தார்கள், யாருக்கு, எப்போதில் இருந்து' என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். நல்லதா கெட்டதா என்று ஆசிரியர் சொல்லக் கூடாது.

ஐந்தாம் வகுப்புக்கு மட்டும் இங்கே ஒரு நல்ல பாடம் இருக்கிறது. "பேருந்துக் கட்டணம் உயர்ந்தது" என்பது செய்தி, "பேருந்துக் கட்டணம் அநியாயமாக உயர்ந்தது" என்பதில் ஒரு கருத்து நுழைந்திருக்கிறது. அந்த ஒரு சொல்லைப் பிடிக்கச் சொல்லுங்கள். பல பாட்காஸ்ட்டுகளில் செய்தியும் விமர்சனமும் கலந்தே வரும், பெரியவர்களுக்கே பிரிக்கக் கஷ்டம். அதனால் பாடத்துக்கு நேரடிச் செய்தியறிக்கையை மட்டும் எடுங்கள்.

வாட்ஸ்அப்ல வர்ற வாய்ஸ் மெசேஜையும் பிள்ளைங்க செய்தின்னு நம்புறாங்க. இதுக்கு ஏதாவது செய்ய முடியுமா?

முடியும். கேரளாவின் கண்ணூர் மாவட்டத்தில் 2018-இல் 'சத்தியமேவ ஜெயதே' என்ற பெயரில் பள்ளிகளில் பொய்ச்செய்தியைக் கண்டுபிடிக்கக் கற்றுக்கொடுத்தார்கள். ஸ்குவிஸ் கிட்ஸும் ஊடகத்தைப் பகுத்தறிய நியூஸ்ஹவுண்ட்ஸ் என்ற தனிப் பாடத்திட்டம் வைத்திருக்கிறது.

தொடக்கப் பள்ளிக்கு நமக்குத் தேவையான கருவி ஏற்கெனவே கையில் இருக்கிறது, அந்த நான்கு குழுக்கள்தான். "நாளைக்கு எல்லா ஸ்கூலும் லீவாம், ஷேர் பண்ணுங்க" என்ற குரல் செய்தி மாதிரி ஒன்றை நீங்களே பதிவு செய்து போடுங்கள், பயிற்சிக்காக நீங்கள் பதிவு செய்தது என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். யார் சொன்னது? தெரியவில்லை. எந்த மாவட்டம்? சொல்லவில்லை. எந்தத் தேதி? "நாளைக்கு" என்றால் என்றைக்கு? பதில் இல்லை. அடுத்து அசல் செய்தியைப் போடுங்கள், "மாவட்ட ஆட்சியர் அறிவித்துள்ளார்" என்று ஆள், இடம், நாள் மூன்றும் இருக்கும். எட்டு வயதுப் பிள்ளைக்கு இந்த வித்தியாசம் நன்றாகவே புரிகிறது.

வீட்ல தெலுங்கு பேசற பிள்ளைங்க, இந்தி பேசற பிள்ளைங்க இருக்காங்க. அவங்களுக்கு ரொம்பக் கஷ்டமா இருக்காதா?

ஓசூர் பக்கமும் திருப்பூர் பக்கமும் இதை அதிகம் கேட்டிருக்கிறேன். அவர்களுக்குச் செய்தியைக் கேட்கும் முன்பே வீட்டு மொழியில் விஷயம் தெரிந்திருக்க வேண்டும். அதே மொழி பேசும் பெரிய பிள்ளை ஒன்று அரை நிமிடம் சொன்னால் போதும். சந்திரயான்-3 நிலவில் இறங்கியதைப் (2023 ஆகஸ்ட் 23, மாலை 6.04) போன்ற செய்தியில் பெயரும் எண்ணும் எந்த மொழியிலும் ஒன்றுதான், அதைப் பிடித்துக்கொண்டே மற்றதைக் கேட்பார்கள்.

நாங்க டொராண்டோல இருக்கோம். பையன் தமிழ் பேசுவான், படிக்க மாட்டேங்கிறான். இது சரிவருமா?

சரிவரும், ஆனால் பையன் பேசுவது பேச்சுத் தமிழ் என்பதால் செய்தித் தமிழ் முதலில் அந்நியமாக இருக்கும். அவனுக்குத் தெரிந்த உள்ளூர்ச் செய்தியில் தொடங்குங்கள். பனிப்பொழிவோ ஹாக்கியோ ஆங்கிலத்தில் ஏற்கெனவே கேட்டதாக இருக்கட்டும். அப்புறம் அதையே தமிழில். உங்கள் குடும்பம் யாழ்ப்பாணத்தில் இருந்து வந்தது என்றால் சென்னை உச்சரிப்போடு இலங்கைத் தமிழ்க் குரலையும் கலந்து கொடுங்கள். பாட்டி பேசுவதற்கு நெருக்கமான குரலைக் கேட்டால் ஆர்வம் கூடும்.

காப்புரிமைப் பிரச்சினை வருமா?

வகுப்பறையில் பாடத்துக்காக ஒலிக்க விடுவதற்கும், துண்டை எழுதிப்போட்டுப் படிப்பதற்கும் இந்தியக் காப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு இடம் தருகிறது. அதே ஒலியை வெட்டி உங்கள் யூடியூப் சேனலில் ஏற்றுவது வேறு விஷயம், அதைச் செய்யாதீர்கள்.

பிள்ளைங்களையே செய்தி வாசிக்க வெச்சு ரெக்கார்ட் பண்ணலாமா?

கட்டாயம் செய்யுங்கள், ஆனால் இரண்டு மாதம் கேட்டுப் பழகிய பிறகு. ஊர்ச் செய்தியாக இருக்கட்டும். சத்துணவில் இன்று என்ன, தெருக்குழாயில் தண்ணீர் வந்ததா, யார் வீட்டு ஆடு குட்டி போட்டது. முதலில் எழுத வேண்டும், முதல் வாக்கியத்திலேயே முக்கியமான விஷயம் வர வேண்டும், சத்தமாக வாசித்துப் பார்த்து நாக்கில் சிக்கும் இடத்தைத் திருத்த வேண்டும். தன் குரலைப் பதிவில் கேட்கும் பிள்ளை நாம் சொல்லாமலேயே "இன்னொரு தடவ வாசிக்கிறேன் டீச்சர்" என்று வரும். திரும்பத் திரும்ப வாசிக்க வைக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

பதிவு வகுப்பு பெற்றோர் குழுவோடு நிற்கட்டும். முழுப்பெயர், வீடு, போன் எண் எதுவும் அதில் வரக் கூடாது. நல்லதாக எழுதியதை பள்ளிக் கல்வித் துறை 4, 5 வகுப்புகளுக்காக வெளியிடும் 'ஊஞ்சல்' இதழுக்கு அனுப்பிப் பாருங்கள்.

கம்ப்யூட்டர் குரல்ல செய்தி வாசிக்கிற ஆப் இருக்கே, அதை வெச்சே எல்லாத்தையும் செஞ்சிடலாமா?

எழுத்து வடிவத்தைத் தயாரிக்க அவை உதவும். கேட்பதற்கு மனிதக் குரலே வேண்டும். இயந்திரக் குரல் நிறுத்தக் கூடாத இடத்தில் நிறுத்தும், எண்களையும் சுருக்கப் பெயர்களையும் விநோதமாகப் படிக்கும், ஒற்றை விழுங்கும். எழுத்துப் பிழை பற்றிய கேள்வியில் சொன்ன பயன் முழுவதும் வாசிப்பவரின் நாக்கைப் பொறுத்தது.

முன்னேற்றம் இருக்குன்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது? ஆய்வுக்கு வர்றவங்க கேட்டா என்ன காட்டுறது?

ஒரு பிள்ளைக்கு ஒரு பக்கம் போதும். மாதத்துக்கு ஒருமுறை புதிய துண்டு ஒன்றைப் போட்டு, பிள்ளை திருப்பிச் சொல்வதை அப்படியே எழுதிவையுங்கள். யார், எங்கே, எப்போது, என்ன, ஏன் இவற்றில் எத்தனை வந்தது, எத்தனை எழுத்துத் தமிழ்ச் சொற்களைத் தானாகப் பயன்படுத்தியது என்று குறித்துக்கொள்ளுங்கள். அடுத்து, ஒலியில் கேட்காத, அதே பொருளில் உள்ள ஒரு சின்னப் பத்தியைப் படிக்கக் கொடுத்து இரண்டு கேள்வி கேளுங்கள். கேட்டால் புரிகிறது, படித்தால் புரியவில்லை என்றால் எழுத்துப் பயிற்சி போதவில்லை. சரளமாகப் படிக்கிறது, கேட்டாலும் புரியவில்லை என்றால் இன்னும் நிறையக் கேட்க வேண்டும். இரண்டாவது கேள்வியில் சொன்ன பெருக்கலில் எந்த எண் சின்னதாக இருக்கிறது என்று அந்த ஒரு பக்கத்திலேயே தெரிந்துவிடும். ஜூன் மாதப் பக்கத்தையும் நவம்பர் மாதப் பக்கத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வருபவரிடம் காட்டுங்கள்.